துரைராஜ் இளைத்ததும் தூக்கியதும்

அந்தத் தொழிற்சாலையில் பல வருடங்களாகத் தீ பிடிக்கவில்லை. அதனால்தான் துரைராஜ் பெருத்துப் போனார்.

வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் நடந்தது அதுதான். தெலுங்கு பேசும் கன்டோன்மென்ட் பகுதியான திருமுல்கேரியைத் தாண்டி வடக்கே இருந்த அந்த மத்திய அரசுத் தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஒரு தீயணைப்பு நிலையம் இருந்தது. இரண்டு சிவப்பு வண்டிகள், ஷிப்டுக்கு ஆறேழு ஆட்கள், மணி அடித்த மறு நிமிடம் வண்டி நகர்ந்திருக்க வேண்டும் என்ற விதி. விதி கறாராகத்தான் இருந்தது. மணிதான் அடிக்கவில்லை. கோடையில் எப்போதாவது வெல்டிங் பொறி தெறித்துக் காய்ந்த புல் புகையும். அதைக் கேட் காவலாளியே பூட்ஸால் மிதித்து அணைத்துவிட்டு, அப்புறம் சாவகாசமாகப் போன் செய்து சொல்வார். மீதிப் பொழுதெல்லாம் வண்டியைத் துடைப்பது, குழாய் சுருட்டுவது, நாலு மணிக்குக் கேன்டீனிலிருந்து வரும் மிர்ச்சி பஜ்ஜிக்குக் காத்திருப்பது.

துரைராஜ் அங்கே லீடிங் ஃபயர்மேன். அப்பா பட்டாளத்துப் பால் பண்ணையில் வேலை பார்த்தவர். துரைராஜ் பிறந்து வளர்ந்ததெல்லாம் திருமுல்கேரி சந்துகளில். இளவயதில் கால்பந்து ஆடினார். அவர் உதைத்த பந்து மைதானத்தைத் தாண்டி ராணுவக் குதிரை லாயத்தில் போய் விழும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் பெரும்பாலும் அவரே.

1984-ல் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. வேறு ஊரில் எங்கோ ஒரு தீ விபத்தில் படையினர் வாசலிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்களாம். டில்லியிலிருந்து உத்தரவு வந்தது: தீயணைப்புப் பிரிவில் எல்லோருக்கும் உடல் தகுதிச் சோதனை. தொழிற்சாலை மருத்துவ அதிகாரி கல்பகம் தார்நாகாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். கூட்டத்தை வரிசையில் நிறுத்தி விரட்டி விரட்டி வேலை பார்ப்பார்.

"துரைராஜ், மெஷினை விட்டு இறங்கி மறுபடி ஏறுங்கோ."

இறங்கி ஏறினார்.

"தொண்ணூத்தி நாலு. மெஷின் மேல சந்தேகப்பட்டுட்டேன். பாவம் அது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். துரைராஜும் சிரித்துவைத்தார்.

"உங்க உயரத்துக்கு எண்பத்திரண்டைத் தாண்டப்படாது. மூணு மாசம் டைம் தரேன். எடையும் குறையணும், டிரில்லும் பண்ணிக் காட்டணும். ரெண்டும்."

'ரெண்டும்' என்பதை அழுத்தித்தான் சொன்னார். துரைராஜின் காதில் முதலாவது மட்டுமே விழுந்தது.

டிரில் என்பது இது: நிலையத்து முற்றத்தை மூன்று சுற்று ஓட வேண்டும். ஓடி முடித்ததும் நிற்காமல் தன் ஜோடியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கோடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை போக வேண்டும். புகைக்குள் மயங்கிக் கிடப்பவரை வெளியே கொண்டுவருவதற்கான ஒத்திகை. ஷிப்டில் யாருக்கு யார் ஜோடி என்பது கல்யாணம் மாதிரி. ஒரு தரம் எழுதினால் எழுதியதுதான். துரைராஜுக்கு வாய்த்த ஜோடி யாதகிரி. தெலுங்கர், ஒரே சந்தில் துரைராஜோடு கோலி ஆடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. எடை துரைராஜுக்குச் சமம், உயரம் ஒரு சாண் அதிகம். அந்த உயரத்துக்கு அந்த எடை சரி என்று டாக்டர் எடையில் மட்டும் அவரை முதல் நாளே பாஸ் செய்துவிட்டார்.

துரைராஜ் தேறாவிட்டால் கேட் டியூட்டி. கேட்டில் நிற்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் தீயணைப்பு ஆட்களுக்கு மணி கேட்கும் தூரத்தில் கொடுத்திருக்கும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மகள் வேதா பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். எல்லாவற்றையும்விட, வண்டியின் முன் சீட். இருபது வருடமாக மணிக்கயிற்றின் பக்கத்தில் உட்கார்ந்தவர், அதே வண்டி வரும்போது கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடிக்க வேண்டும். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததும் நல்லதுக்குத்தான் என்று அப்போது நினைத்தார்.

மறுநாள் விடியலில் கான்வாஸ் ஷூ கட்டினார். நிஜமாகவே ஓடப் போகிறீர்களா என்று வேதா தெலுங்கில் கேட்டாள். வீட்டில் தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் வரும்; பழகிய விஷயம். மனைவி விஜயகுமாரி குடியாத்தத்துக்காரி.

"ஏங்க, மொத நாளே ரொம்ப தூரம் பூடாதீங்க. வுழுந்தா தூக்கியார ஆளு கெடையாது."

"யாதகிரி இருக்கான்."

"அவரே எட்டு மணிக்குத்தான் எந்திரிப்பாரு."

கன்டோன்மென்ட் சாலையில் ஓட்டம். ராணுவ ஜவான்கள் கூட்டமாகக் கடந்து போவார்கள். போய்த் திரும்பி எதிரே வருவார்கள். மறுபடி பின்னாலிருந்து வந்து கடப்பார்கள். அவ்வளவு நேரத்தில் துரைராஜ் அதே புளியமரத்துக்கும் அடுத்த புளியமரத்துக்கும் நடுவில் இருப்பார். ஆனாலும் விடவில்லை. சாப்பாட்டையும் அறுத்தார். காலையில் மோர், மதியம் ஒரு கரண்டி சாதம், இரவு மறுபடி மோர். பஜ்ஜி வரும் நேரத்தில் எழுந்துபோய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொள்வார். ஓட்டம் முடிந்த சந்தோஷத்துக்கு டீக்கடையில் ஒரு சிகரெட் மட்டும் பற்றவைப்பார். அது ஒன்றுதான் மிச்சமிருந்த சுகம்.

எடை இறங்கியது. சடசடவென்று இறங்கியது. ஆறு வாரத்தில் முகம் ஒட்டி, சட்டை காலர் கழுத்தைச் சுற்றி வளையமாக நின்றது. ஜவான்களில் ஒருவன் கடந்து போகும்போது "ஷாபாஷ் சாச்சா!" என்றான். 'ஷாபாஷ்' பிடித்தது; சித்தப்பாவாக்கிய அந்தச் 'சாச்சா'தான் உறுத்தியது.

அந்தத் தெம்பில் ஒரு மாலை முற்றத்தில் யாதகிரியைக் கூப்பிட்டார்.

"வா, தூக்கிப் பார்க்கலாம்."

"ஹவ் ஹவ், தாராளமா தூக்கு. நீ இளைச்சதுல எனக்குத்தான் லாபம் துரை. என் டெஸ்ட்ல உன்னைத்தானே தூக்கணும்? இடுப்புல வச்சுக் கொண்டுபோயிடுவேன்."

துரைராஜ் குனிந்து, யாதகிரியின் கையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து, தொடைக்கடியில் தோளைக் கொடுத்து எழுந்தார். எழ முயன்றார். முழங்கால் வெடவெடவென்று ஆடியது. பாதி எழுந்த நிலையில் இருவரும் பக்கவாட்டில் சரிந்து மணல் வாளிகளின் மேல் விழுந்தார்கள். சிவப்பு வாளி ஒன்று உருண்டு ஓடியது.

யாதகிரி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சிரிக்க வாயெடுத்தவர் துரைராஜின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"போன வருசம் இதே என்னைத் தூக்கிட்டு கேன்டீன் வரைக்கும் போனியே பாய். ஏன் இப்படி ஆச்சு?"

அதுதான் துரைராஜுக்கும் புரியவில்லை. குண்டாக இருந்தபோது முடிந்தது, இளைத்தபோது முடியவில்லை. காலம் பாதி போய்விட்டது. மறுநாள் காலை டாக்டர் கல்பகத்தின் அறை வாசலில் முதல் ஆளாக நின்றார்.

"என்ன சாப்பிடறேள்?"

"மோரு, டாக்டரம்மா."

"அப்புறம்?"

"மோருதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கைய நீட்டுங்கோ. மடக்குங்கோ. பாருங்கோ, கொழுப்போட சேர்த்து சதையையும் கரைச்சு வச்சிருக்கேள். வெறும் மோரைக் குடிச்சுண்டு ஓடினா உடம்பு எதைத் தின்னும்? கைல கிடைச்சதைத் தின்னும். பழைய சதை இருந்தவரைக்கும் அது உங்களையும் உங்க தொப்பையையும் சுமந்துண்டிருந்தது."

"அப்ப ஓட வேணாமா?"

"யார் சொன்னா? ஓடாம தூக்க மட்டும் கத்துண்டா, மூணு சுத்து ஓடறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். ஒரு நாள் ஓடுங்கோ, மறுநாள் கனமா எதையாவது தூக்குங்கோ. ஞாயித்துக்கிழமை மனுஷாளா வீட்ல இருங்கோ. முட்டை சாப்பிடுங்கோ, பயறு சாப்பிடுங்கோ. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் போகாதீங்கோ."

"எடை ஏறிடுமே?"

"இறங்கறது கொஞ்சம் நிதானமாகும். பயப்படாதீங்கோ. அடுத்த ஆளை வரச் சொல்லுங்கோ."

தூக்குவதற்குக் கனமாக எதைத் தேடுவது? தீயணைப்பு நிலையத்தில் அதற்குப் பஞ்சமா. கையிரண்டிலும் மணல் வாளிகள். நனைத்துச் சுருட்டிய கான்வாஸ் குழாயைத் தோளில் போட்டு உட்கார்ந்து எழும் பஸ்கி. ஏணியை ஒரு முனையில் பிடித்து நிமிர்த்துவது. ஆட்டக் காலத்துத் தண்டாலும் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டேஷன் ஆபீசர் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மணலைச் சிந்தாமல் செய்யும்படி மட்டும் சொல்லிவிட்டுப் போனார். யாதகிரியின் வீட்டிலிருந்து தினமும் மதியத்துக்கு ஜொன்ன ரொட்டி வந்தது. சோளமாவைத் தட்டிச் சுட்டது. கூடப் பருப்புக் கீரை. விஜயகுமாரி முட்டை வேகவைத்தாள். மோரை நிறுத்தச் சொன்னதில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

"அந்த டாக்டரம்மா நல்லா இருக்கணும். புருசன் மூஞ்சியில உயிரு வந்திருக்குது."

இரண்டு வாரத்தில் யாதகிரியைத் தோளில் ஏற்ற முடிந்தது. பழைய பலம் திரும்ப வந்துகொண்டிருந்தது. அன்று பத்தடி போயிருப்பார். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, முகம் செக்கச் சிவந்து போய்க்கொண்டிருந்தவரின் தலைக்கு மேலிருந்து யாதகிரி கத்தினார்:

"தம் சோட், துரை! அரே, தம் சோட்!"

துரைராஜ் அவரை அப்படியே இறக்கி விட்டார். சுருக்கென்று தைத்தது. 'தம்' என்றால் சிகரெட். தமிழில் தம் அடிப்பது, இந்த ஊர்த் தக்கினி உருதுவில் தம் இழுப்பது. எப்படிக் கேட்டாலும் பொருள் ஒன்று. அதை விடு என்கிறான். டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கிப் பற்றவைப்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா.

"தோள் மேல ஏறி உக்காந்துக்கிட்டு புத்தி வேற சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார்.

யாதகிரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"நல்லதுதான். யாரு இல்லேன்னா?"

கோபம் ஒரு இரவுதான் இருந்தது. வீட்டில் விஜயகுமாரி எத்தனையோ தரம் கெஞ்சியும் கேட்காதவர், மறுநாள் காலை டீக்கடையில் டீயை மட்டும் குடித்துவிட்டு நடந்தார். முதல் வாரம் எதைப் பார்த்தாலும் எரிச்சல். வேதா ஸ்கேலைக் கீழே போட்டதற்குக்கூட அவள்மேல் பாய்ந்தார். பிறகு அடங்கியது. ஓட்டத்தில் நெஞ்சு லேசானது. புளியமரங்கள் சீக்கிரம் சீக்கிரமாக வந்து போயின.

இனி கவலையில்லை என்றுதான் இருந்தது. ஓட முடிந்தது. தூக்க முடிந்தது. சோதனைக்கு ஒரு வாரம் இருக்கையில், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று முற்றத்தை மூன்று சுற்று ஓடினார். மூச்சிரைக்க வந்து, நிற்காமல் யாதகிரியைத் தூக்கினார். கால் ஆடவில்லை. தோள் வளையவில்லை. ஆனால் பாதி முற்றத்தில் கண் இருட்டியது. காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

யாதகிரி குதித்து இறங்கி அவரைப் பிடித்துக்கொண்டார். வண்டியின் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அவ்வளவுதான்டா" என்றார் துரைராஜ். "கேட் டியூட்டிதான். எழுதி வச்சது கேட்டுன்னா என்ன பண்றது? நீ சொன்னேன்னு தம்மைக்கூட விட்டேன். அதுக்கும் பிரயோஜனம் இல்லாம போச்சு."

"எங்க விட்டே? இப்பக்கூடக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுதானே வந்தே?"

"விட்டு ஒரு மாசம் ஆச்சு. டீக்கடை பாஷாவைக் கேளு."

"பாஷாவை எதுக்குக் கேக்கணும்? அவன் வந்து உன் மூக்குல கை வச்சுப் பார்த்தானா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ எதை விடச் சொன்னே?" என்றார் துரைராஜ் மெதுவாக.

"மூச்சை! தம்மைக் கட்டிக்கிட்டுத் தூக்கறியே, விடுன்னேன். மேல உக்காந்திருக்கிற எனக்கு உன் நெஞ்சு தெரியாதா? கல்லு மாதிரி இருக்கு, ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. நீ எதை விட்டே?"

"சிகரெட்டை."

யாதகிரி வண்டியின் மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கி, துரைராஜைப் பார்த்து, மறுபடி தொடங்கினார். "நீ சிகரெட் பிடிக்கிறதே எனக்குத் தெரியாது துரை! பகவான் மேல சத்தியமா! உன் பெண்சாதி எனக்குப் புடவை எடுத்துக் குடுக்கணும்!"

"உனக்கா?"

"என் பெண்சாதிக்குடா!"

துரைராஜுக்கும் சிரிப்பு வந்தது. தம் கட்டித் தூக்கு என்றுதான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறார். மூட்டை தூக்குகிறவன், தேர் இழுக்கிறவன், உரலை நகர்த்துகிறவன் எல்லோரும் அப்படித்தான். ஒரு கணம் தூக்கி வைக்க அது போதும். ஏற்கெனவே ஓடி இரைக்கிற நெஞ்சோடு, ஆளைச் சுமந்து முற்றம் முழுக்க நடக்க அது உதவாது. ஓட்டத்துக்கு மூச்சை விட்டார், தூக்கும்போது பிடித்தார். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் அந்த இடத்தில்தான் வழி அடைத்துக்கொண்டது.

அந்த வாரம் அவர் புதிதாக எதுவும் தூக்கவில்லை. கையில் வாளியோடு முற்றத்தில் நடந்தார். எழும்போது 'ஹூம்' என்று மூச்சை வெளியே தள்ளினார். ஒவ்வொரு அடிக்கும் இழுத்து விட்டார். ரயில் எஞ்சின் மாதிரி சத்தம் வந்தது. மற்ற ஷிப்டுக்காரர்கள், "காஜிப்பேட்டை பாசஞ்சர் வருது, வழி விடுங்க" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று இருந்தார். கண் இருட்டவில்லை.

சோதனைக்கு முந்தைய நாள் எடைதான் பயமுறுத்தியது. முட்டையும் வாளியும் தொடங்கியதிலிருந்து முள் நின்ற இடத்திலேயே நின்று, அரைக் கிலோ, கால் கிலோ என்று நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் கோடரி மாட்டும் அகலமான தோல் பெல்ட்டில் அவரே ஆணியால் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

காலையில் மெஷின்மேல் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்கோ" என்றார் டாக்டர் கல்பகம். "எண்பத்தி ஒண்ணரை. கடைசி ஒரு மாசத்துல கொஞ்சம்தான் இறங்கியிருக்கு, ஆனா ஆளே மாறிட்டேள். ஓடுங்கோ, முற்றத்துக்குப் போகலாம்."

விசில் ஒலித்தது. மூன்று சுற்று. ஸ்டேஷன் ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது சுற்றின் முடிவில் யாதகிரி மயங்கிக் கிடப்பவராகத் தரையில் நீட்டிப் படுத்திருந்தார். மயங்கியவரின் ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. துரைராஜ் குனிந்தார், கழுத்தில் கையை வாங்கினார், தோளைக் கொடுத்தார், 'ஹூம்' என்று எழுந்தார்.

நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு போய் வருவது முற்றம் முழுக்கக் கேட்டது. பாதி முற்றம் வந்தபோது யாதகிரி மெல்ல, உதடு அசையாமல், "சோட்... சோட்..." என்றார்.

"மயங்கினவன் பேசப்படாது!" என்று டாக்டர் கத்தினார்.

தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் விளிம்பைத் துரைராஜின் கை தொட்டது. யாதகிரியைப் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டு, தொட்டியைப் பிடித்தபடி நின்றார். கால் நின்றது. கண் தெரிந்தது. ஸ்டேஷன் ஆபீசர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, "அடுத்தது இவரை அவர் தூக்கணுமில்லையா? நேரமாறது" என்றார்.

யாதகிரி தன் முறைக்குத் துரைராஜைத் தூக்கிக்கொண்டு ஜாத்திரைத் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதுபோல் போனார். தோளில் தலைகீழாகத் தொங்கியபடி துரைராஜ் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது என்னவோ, அது போய்விட்டது.

மத்தியானம் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார். விஜயகுமாரி திறந்தாள். முகத்தையே பார்த்தாள்.

"வண்டிதான்" என்றார். "கேட் இல்ல."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. சாப்பாடு எடுத்து வைக்கிறாள் என்று கை கால் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தால், மேல்தட்டு காலியாகக் கிடந்தது. தரையில் ஒரு சாக்கு. வாய்க்கட்டை அவிழ்த்து, பெரிய குண்டானையும் இட்லிப் பானையையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்பக் கட்டினே?"

"போன வாரம். நீங்க மயங்கி வுழுந்தீங்கன்னு யாதகிரி அண்ணன் வூட்டுல சொன்னாங்க, அன்னிக்கு." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நின்னுக்கிட்டு இருக்காதீங்க. அந்தக் குண்டானை மேல தூக்கி வெய்யுங்க."

தூக்கி வைத்தார்.